மருத்துவர் கிடைக்காத நாளுக்கும் மருந்துச் சீட்டில் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "மருத்துவரைக் கேட்காமல் மனநல மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், மருந்துக்கடையில் நாங்களும் சொல்கிறோம், நாளிதழ்களும் எழுதுகின்றன. கேட்பதற்கு மருத்துவரே கிடைக்காதபோது என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அவர் விடுப்பில் போயிருப்பார், அல்லது மாற்றலாகிப் போயிருப்பார். அடுத்த தேதி ஆறு வாரம் தள்ளிக் கிடைத்திருக்கும், கையில் மாத்திரை நான்கு நாளைக்குத்தான் இருக்கும். பல வருடம் நன்றாக இருந்தவர்கள் மறுபடி படுக்கையில் விழுவது பல நேரம் இப்படியொரு இடைவெளியில்தான். மனநல மருந்துகளைத் தினமும் எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. "ஒரு வாரம் மருந்து இல்லாமல் சமாளிக்கலாமா?" என்ற கேள்விக்கு எல்லா மருந்துக்கும் பொதுவான பதில் கிடையாது. உடம்பில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்போம். மனச்சோர்வுக்கான வென்லாபாக்சினுக்கு அது சுமார் 5 மணி நேரம், அதிலிருந்து உடம்பில் உருவாகும் பொருளுக்கு 11 மணி நேரம். அதே நோய்க்குத் தரும் பராக்செட்டினுக்கு ஏறக்குறைய 21 மணி நேரம். அதே நோய்க்கான இன்னொரு மருந்தான ஃப்ளூவாக்செட்டினும் அதன் வழிப்பொருளும் நாள்கணக்கில், சிலருக்கு இரண்டு வாரம் வரைகூட உடம்பில் தங்கும். அதனால் ஃப்ளூவாக்செட்டின் சாப்பிடுபவர் மூன்று நாள் தவறவிட்டாலும் பெரும்பாலும் எதுவும் தெரியாது. வென்லாபாக்சின் சாப்பிடுபவருக்கு ஒரு வேளை தவறினாலே மறுநாள் தலை சுற்றும், குமட்டும், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல வெட்டி வெட்டி இழுக்கும், கண்ணைத் திருப்பினால் அது அதிகமாகும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரம் விட்டும் நன்றாக இருந்தாரே என்று பார்த்து இவரும் விட்டால், இருவருடைய மருந்தும் வேறு என்பது மறுநாள்தான் புரியும்.

இந்த அறிகுறிகளை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து வீட்டில் பயந்துவிடுகிறார்கள். நின்ற மருந்தால் வருவது சில நாளிலேயே தொடங்கும், மருந்தை மறுபடி எடுத்தால் ஓரிரு நாளில் அடங்கும். மனச்சோர்வு திரும்புவது பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல வரும். மருத்துவரிடம் பேசும்போது எந்த நாள் மாத்திரை நின்றது, எந்த நாள் எது தொடங்கியது என்று தேதியோடு சொன்னால் இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்கு அதுவே போதும்.

திடீரென்று நிறுத்தவே கூடாதவற்றில் எங்களுக்கு அதிகக் கவலை தருவது பென்சோடயசெபைன் வகை: அல்பிரசோலம், லோரசெபாம், குளோனசெபாம், டயசெபாம். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை என்று பேச்சு வழக்கில் சொல்வதில் பல இவைதான். மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டவருக்கு இது ஒரே நாளில் நின்றால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் அறவே போகும், சிலருக்கு வலிப்பே வந்துவிடும். உயிருக்கு ஆபத்தான நிலை அது. மனநிலை அளவு மீறி ஏறி இறங்கும் இருமுனை நோய்க்கான லித்தியம் வேறு மாதிரி. நின்ற அன்று உடம்புக்கு ஒன்றும் தெரியாது, "அப்பாடா, கை நடுக்கம் போச்சு" என்றுகூடத் தோன்றும். ஆனால் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு அடுத்த சில வாரங்களில், மாதங்களில் மிகையெழுச்சி, அதாவது தூக்கமில்லாமல் அளவு மீறிய உற்சாகமும் வேகமும், திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. மருத்துவரே நிறுத்துவதாக இருந்தாலும் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைப்பதுதான் முறை.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. அட்டை காலியான அன்று யோசிக்கத் தொடங்கினால் எதற்கும் நேரம் இருக்காது. புது மருந்து வாங்கிவந்த அன்றே, கடைசி மாத்திரை எந்த நாள் எந்த வேளை என்று கணக்குப் போட்டு நாட்காட்டியில் குறியுங்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் இன்னொரு குறி போடுங்கள். மருத்துவரைத் தேடத் தொடங்க வேண்டிய நாள் அதுதான். சீட்டில் 1-0-2 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு இரண்டு. நாளுக்கு மூன்று. முப்பது நாளைக்கு 90 மாத்திரை வேண்டும், 60 வாங்கிவந்தால் இருபதாம் நாள் தீர்ந்துவிடும். இந்தச் சின்னக் கணக்கில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். உடைக்கும்போது பொடிந்து வீணாவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று மருந்து சாப்பிடுபவர்கள் எது முதலில் தீருமோ அதை வைத்துத்தான் தேதி குறிக்க வேண்டும்.

மருத்துவமனைக்குச் செய்தி அனுப்பும்போது "டாக்டர், மாத்திரை தீர்ந்துபோச்சு, எழுதிக் கொடுங்க" என்று மட்டும் அனுப்பினால் பதில் வராது. கோப்பைத் தேடி எடுக்காமல் யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது, கோப்பைத் தேட அங்கே ஆள் இருக்காது. கோப்பைத் திறக்காமலே முடிவெடுக்கும் அளவுக்கு விவரம் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"நோயாளி எண் இன்னது, வயது 34. கடைசியாகப் பார்த்தது மார்ச் 3. லித்தியம் 400 மி.கி. எஸ்.ஆர். காலை 1, இரவு 1. ஒலன்சபின் 10 மி.கி. இரவு 1. இன்று மார்ச் 25 காலை, லித்தியம் 12, ஒலன்சபின் 6 கையில் இருக்கிறது. மார்ச் 30 இரவோடு இரண்டும் தீரும். அடுத்த தேதி ஏப்ரல் 20. அதுவரை 21 நாளைக்கு லித்தியம் 42, ஒலன்சபின் 21 தேவை. ஒரு வேளையும் தவறவில்லை. தூக்கம் சரியாக இருக்கிறது. ரத்தத்தில் லித்தியம் பிப்ரவரியில் 0.7. வேறு மருந்து எதுவும் புதிதாகச் சேரவில்லை."

இதோடு பழைய சீட்டின் படம், மாத்திரை அட்டையின் பின்பக்கப் படம், ரத்தப் பரிசோதனைத் தாளின் படம் மூன்றையும் அனுப்புங்கள். அட்டையைப் படம் எடுக்கும்போது மருந்தின் பெயரும் மி.கி. அளவும் சேர்ந்து தெரியும் துண்டைக் கிழித்துவிடாமல் வைத்திருங்கள். அளவு அச்சாகியிருக்கும் மூலையிலிருந்தே பிய்க்கத் தொடங்குவது பலருக்குப் பழக்கம். கடைசி இரண்டு மாத்திரையோடு வரும்போது பெயரில் பாதிதான் மிஞ்சியிருக்கும்.

அந்த மருத்துவரே கிடைக்கவில்லை என்றால் அவருடைய இடத்தில் இருப்பவரைக் கேளுங்கள். மருத்துவமனையில் கேட்க வேண்டிய கேள்வி "டாக்டர் எப்போ வருவார்?" என்பதல்ல, "அவர் நோயாளிகளை இப்போது யார் பார்க்கிறார்?" என்பது. மனநலப் பிரிவு உள்ள எந்தப் பொது மருத்துவமனைக்கும் பழைய சீட்டோடு போகலாம். குடும்ப மருத்துவர் புதிதாக மனநல மருந்து தொடங்கத் தயங்கலாம், அது நியாயம்தான். ஆனால் பல வருடமாக மாறாமல் போய்க்கொண்டிருக்கும் மருந்தை, அடுத்த தேதி வரை மட்டும், அதே அளவில் எழுதித் தரும்படி கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள். "பாலம் போட்டுக் கொடுங்கள், வைத்தியத்தை மாற்றச் சொல்லவில்லை" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தொலைபேசி வழியாகவோ காணொலி வழியாகவோ பார்க்கும் மருத்துவர்கள் லித்தியம், ஒலன்சபின், செர்ட்ராலின் போன்றவற்றைத் தொடர்ந்து எழுதலாம். பென்சோடயசெபைன் வகையை அப்படி எழுதப் பல நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உண்டு. அதற்கு நேரில் போகும் வழியை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அவசரத்தில் சில நாள் மருந்தை மட்டும் மருந்தாளுநரே கொடுக்கச் சில நாடுகளின் சட்டத்தில் இடமிருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன என்று வழக்கமாக வாங்கும் கடையில் இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே கடையில் வாங்குபவருக்கு இதில் ஒரு லாபம் உண்டு: அவருடைய பழைய கணக்கு அங்கே இருக்கும்.

கடைக்காரர் மறுத்தால் கோபப்படாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறோம். டயசெபாம், லோரசெபாம், அல்பிரசோலம், குளோனசெபாம் எல்லாம் 1971ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் அதைவிடக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் இவற்றுக்குத் தனிப் பதிவேடு, தேதி தாண்டாத சீட்டு என்று இத்தனை கெடுபிடி. ட்ரைஹெக்சிஃபெனிடில் போதைக்காகத் தவறாகவும் வாங்கப்படுவதால் அதற்கும் கடைகளில் தயக்கம் உண்டு. மனச்சிதைவுக்கான மருந்தோடு, உடல் விறைப்பைத் தடுக்க அதைச் சாப்பிடுபவர் இரண்டு மருந்தும் எழுதியிருக்கும் ஒரே சீட்டைக் காட்டினால் சிக்கல் குறையும்.

வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் பயப்பட வேண்டாம், மூலப்பெயரும் அளவும் வகையும் ஒன்றாக இருந்தால் சரி. அந்த மூன்றாவதில்தான் பிசகு நடக்கிறது. லித்தியத்தில் சாதாரண மாத்திரை வேறு, மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வேறு. வலிப்புக்கும் இருமுனை நோய்க்கும் தரும் வால்ப்ரோயேட்டில் இ.ஆர். (இதுவும் மெதுவாகக் கரைவது) என்று இருப்பதையும் சாதாரணமானதையும் அப்படியே மாற்றி மாற்றிப் போட முடியாது. மெதுவாகக் கரையும் மாத்திரையை நசுக்கவோ மென்று சாப்பிடவோ கூடாது, முழு நாளுக்கான மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். குளோனசெபாம், குளோபாசம், லோரசெபாம் என்று பெயர்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். வாயால் சொல்லி வாங்கவே வாங்காதீர்கள். 0.5 என்பதில் புள்ளி மங்கியிருந்தால் 5 என்று படிக்க வாய்ப்பிருக்கிறது. வாங்கிய இடத்திலேயே, பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

இப்போது நாங்கள் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறோம். எத்தனையோ பாடுபட்டு மருந்து கிடைத்த பிறகு, "எட்டு நாள் விட்டுப்போச்சு, இன்று முதல் பழையபடி" என்று தொடங்குவதே சில மருந்துகளில் பெரிய ஆபத்து.

மனச்சிதைவுக்குத் தரும் குளோசபினைப் பாருங்கள். கடைசி வேளையிலிருந்து 48 மணி நேரம் தாண்டிவிட்டால், அதுவரை 400 மி.கி. சாப்பிட்டவர்கூட 12.5 மி.கி. என்ற ஆரம்ப அளவுக்குத் திரும்பி, மறுபடி படி ஏற வேண்டும். இடையில் உடம்பு மருந்துக்குப் பழகியிருந்தது விட்டுப்போகிறது. பழைய அளவை ஒரேயடியாகப் போட்டால் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து மயங்கலாம், வலிப்பு வரலாம், இதயமே நின்றுபோகலாம். அதனால் குளோசபின் சாப்பிடுபவர் வீட்டில் இரண்டு நாள் என்ற எல்லையை மட்டும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இந்த மருந்துக்கு ரத்த வெள்ளணுப் பரிசோதனை முடிவு இல்லாமல் அடுத்த தவணை கிடைக்காத இடங்கள் நிறைய உண்டு. மாத்திரை தீரும் தேதியோடு பரிசோதனைத் தேதியையும் சேர்த்துக் குறியுங்கள். மாத்திரை இருந்தும் பரிசோதனைத் தாள் இல்லாததால் கவுண்டரில் நின்றுபோனவர்கள் பலர்.

இருமுனை நோய்க்கும் வலிப்புக்கும் தரும் லாமோட்ரிஜினும் அப்படித்தான். அதன் அரை ஆயுளைப்போல ஐந்து மடங்குக்கு மேல், அதாவது பெரும்பாலோருக்கு ஐந்து நாளுக்கு மேல், விட்டுப்போனால் பழைய 200 மி.கி.க்கு நேராகப் போகக் கூடாது. முதலில் தொடங்கியபோது எப்படி வாரம் வாரமாக ஏற்றினார்களோ அப்படியே திரும்ப ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் தோல் வெந்து உரிவதுபோலக் கடுமையான ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடுகிறது. கூடவே வால்ப்ரோயேட் சாப்பிடுபவர்களுக்கு ஏற்றும் வேகம் இன்னும் குறைவு, வலிப்புக்கான வேறு சில மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கு அந்த ஐந்து நாள் எல்லையே இன்னும் குறுகும்.

எந்த மருந்தானாலும் விட்டுப்போன வேளைகளைச் சேர்த்து இரட்டிப்பாகப் போடாதீர்கள். லித்தியத்தில் இது உயிர் விஷயம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை பலருக்குப் போதுமான அளவு, 1.5ஐத் தாண்டினால் நச்சு. இடைவெளி அவ்வளவு குறுகலானது. நீர் குறைந்தாலோ, வாந்தி பேதி வந்தாலோ, வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டாலோ அளவு தானாகவே ஏறும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது கடைசி வேளை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து என்பதையும் மறக்க வேண்டாம். காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய்க் கொடுத்த ரத்தம் தப்பான எண்ணைத்தான் காட்டும்.

மாதம் ஒருமுறை ஊசி போடுபவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. மனச்சிதைவுக்கான மாதாந்திர பாலிபெரிடோன் ஊசியைக் குறித்த நாளுக்கு ஏழு நாள் முன்னோ பின்னோ போடலாம். கடைசி ஊசியிலிருந்து ஆறு வாரத்துக்குள் என்றால் வழக்கம்போலத் தொடரலாம். ஆறு வாரம் தாண்டினால் ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டு மறுபடி நிலைக்குக் கொண்டுவர வேண்டும், ஆறு மாதம் தாண்டினால் முதலிலிருந்து. ஃப்ளூபெனசின், ஹாலோபெரிடால் ஊசிகளும் மெல்லத்தான் குறையும். அதனால் நின்றதும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஏமாந்துவிடக் கூடாது. மருத்துவரைப் பார்க்கப் போவதே பெரும்பாடாக இருக்கும் குடும்பங்கள், மாத்திரைக்குப் பதில் ஊசி சரிப்படுமா என்று அடுத்த முறை கேட்டுப் பார்க்கலாம்.

கையில் இருப்பதை இழுத்துப் பிடிக்க, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுபவர்கள் உண்டு. வென்லாபாக்சின், பராக்செட்டின் போன்றவற்றில் இது நிறுத்தி நிறுத்தித் தொடங்குவதற்குச் சமம், ஒவ்வொரு இரண்டாம் நாளும் அந்தத் தலைச்சுற்றல் வரும். உடைக்கக்கூடிய மாத்திரையானால் தினமும் அளவைக் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவது அதைவிட மேல். அதையும் மருந்தாளுநரையாவது கேட்டுச் செய்யுங்கள். இன்னொருவருடைய மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவும் கூடச் சாப்பிடும் மருந்துகளும் வேறாக இருக்கும், கடன் கொடுத்தவருக்கும் அடுத்த வாரம் இதே இடைவெளி வரும்.

மருத்துவரைக் கேட்காமலே நிறுத்த வேண்டிய நேரங்களும் உண்டு, இதை அட்டைகளில் யாரும் போடுவதில்லை. லித்தியம் சாப்பிடுபவருக்குக் கை பெரிதாக உதறி, நாக்குக் குழறி, நடை தள்ளாடி, வாந்தியும் பேதியும் சேர்ந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். லாமோட்ரிஜினில் தோல் தடித்துச் சிவந்து, வாயிலோ கண்ணிலோ புண் வந்தால் நிறுத்திவிட்டு அன்றே காட்ட வேண்டும். மனச்சிதைவு மருந்தில் கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல விறைத்துக் குழப்பமாகப் பேசினாலும் அப்படியே. குளோசபினில் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை.

மருந்து நின்றிருக்கும்போது இரண்டு இரவு தூங்காமலே தெம்பாகத் திரிந்தாலோ, குரல்கள் திரும்பக் கேட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவுக்கு உடனே கூட்டிப்போங்கள், தனியே விடாதீர்கள். அங்கே போனதும் "மனநல மருந்து இத்தனை நாளாக நின்றிருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மருத்துவர் ஏன் பதினைந்து நாளைக்கு மட்டும் எழுதுகிறார் என்று வருத்தப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. லித்தியம், மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் போன்றவை ஒரே நேரத்தில் அதிகமாகப் போனால் உயிரைக் குடிக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தவர் கையில் மூன்று மாத மாத்திரை இருப்பதை அவர் தவிர்க்கப் பார்க்கிறார். இருப்பை வீட்டில் வேறொருவர் பூட்டி வைத்து வாரத்துக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னால், நீண்ட நாளைக்கு எழுத அவருக்கும் மனம் வரலாம்.

மருத்துவர்களிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. உங்களுக்கு ஒரு நிமிட வேலை. மருந்தை எழுதி முடித்ததும் அந்தச் சீட்டின் அடியில், நீங்கள் இல்லாத நாளுக்காக ஒரு வரி எழுதுங்கள். மருந்து எழுதுவதற்கு அச்சிட்ட தாளோ கணினியோ வைத்திருக்கும் மருத்துவமனைகள் அந்த இடத்தைத் தாளிலேயே ஒதுக்கிக் கொடுக்கலாம். அங்கே இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: இதே அளவில் இன்னும் எத்தனை நாள் கொடுக்கலாம், சட்டம் இடம் கொடுத்தால் எத்தனை முறை, நான் இல்லையென்றால் யாரைப் பார்ப்பது, எத்தனை நாள் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கக் கூடாது. குளோசபின் சீட்டில் அந்த வரி இப்படி இருக்கும்: "நான் இல்லாவிட்டால் மனநலப் பிரிவில் பணியிலிருக்கும் மருத்துவர். வெள்ளணு முடிவு சரியாக இருந்தால் இதே அளவில் 14 நாள் கொடுக்கலாம். 48 மணி நேரம் விட்டுப்போனால் மாத்திரை போடாமல் உடனே வரவும்."

இப்படிக்கு,
மனநல மருந்துப் பிரிவில் பணிபுரியும் மருந்தாளுநர்கள்